கதையும் முரணும்

கதை கேட்கும் மாந்தரை இருவகையாகப் பிரிக்கலாம். கதை போகும் போக்கிலே தாமும் போகிறவர் ஒரு வகையினர். நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒத்து வருகின்றனவா என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பவர் மற்றொரு வகையினர். என் மகள் வயிற்றுப் பேரன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். பத்தாம் வகுப்பிலே படிக்கிறான். பள்ளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மாவனல்லைக்கு வந்தவன், முதல்நாள் மாலையே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான்.

“என்ன தம்பி, பசியா?” என்று கேட்டேன்.

“இல்லை தாத்தா. இவங்க எங்களை ஏமாத்திட்டாங்க. போன ஆட்டத்தில் சொன்னது ஒன்று, இந்த ஆட்டத்தில் சொல்வது இன்னொன்று. இத்தனை வருஷம் நம்பி விளையாடினவன் முட்டாளா?”

கையில் வைத்திருந்த சிறு கருவியை அவன் என்னிடம் நீட்டினான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது. ஆனால், ‘முன்னுக்குப் பின் முரண்’ என்ற குற்றச்சாட்டு எனக்குப் புதியதன்று. அந்தச் சொற்றொடர் ஒரு காலத்திலே எங்கள் குடும்பத்தின் தலைவிதியையே தீர்மானித்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் பையனின் வழக்கைக் கேட்டேன்.

மூன்று கிளை விட்ட மரம்

யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1986 ஆம் ஆண்டிலே ‘செல்டாவின் கதை’ என்றொரு வீடியோ விளையாட்டை வெளியிட்டது. ஹைரூல் என்பது நாடு. செல்டா அந்நாட்டு இளவரசி. லிங்க் என்பவன் பச்சை உடை தரித்த இளம் வீரன். கானோன் என்பவன் அரக்கன். வீரன் அரக்கனை வென்று இளவரசியை மீட்கிறான். இவ்வளவுதான் கதை. நம் ஊர்க் கூத்துமேடையிலே ஏற்றினால் எந்த விளக்கமும் இல்லாமல் விளங்கிவிடும்.

அதன்பின் இந்த ஆட்டம் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் அதே பெயர்கள். ஆனால் பெரும்பாலும் அதே மனிதர்கள் அல்லர். யுகந்தோறும் ஒரு வீரன் பிறக்கிறான், ஓர் இளவரசி பிறக்கிறாள், பழைய தீமை மீண்டும் தலையெடுக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். அவதாரக் கதைகளிலே ஊறிய நமக்கு இதுவும் வியப்பன்று. எது முன், எது பின் என்ற கேள்விதான் இளைஞரை வாட்டியது. 1998 இல் வந்த ஆட்டமொன்றிலே வீரன் ஏழாண்டுக் காலத்தைக் கடந்து முன்னும் பின்னும் செல்கிறான். முடிவிலே மீண்டும் சிறுவனாக்கப்பட்டுப் பழைய காலத்துக்கே அனுப்பப்படுகிறான். அங்கே காலம் இரண்டாகப் பிளந்தது.

ஈற்றிலே, தொடரின் இருபத்தைந்தாம் ஆண்டாகிய 2011 இல், நிறுவனமே ஒரு பெரிய நூலை வெளியிட்டுக் கால அட்டவணை ஒன்றைத் தந்தது. அதிலே கிளைகள் இரண்டல்ல, மூன்று. வீரன் வென்றபின் அவன் விட்டுச்சென்ற உலகம் ஒன்று. அவன் சிறுவனாகத் திரும்பிய உலகம் ஒன்று. அவன் போரிலே தோற்று மாண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற உலகம் இன்னொன்று! 1986 இல் முதன்முதல் பிறந்த ஆட்டம் இந்தத் தோல்விக் கிளையிலே, அதுவும் ஏறத்தாழக் கடைசியிலே போய் விழுந்தது. தலைமகனுக்குக் கடைக்குட்டியின் இடம் கிடைத்தது.

“அதையாவது பொறுத்துக்கொண்டோம், தாத்தா” என்றான் பேரன். “சோரா என்று ஒரு நீர்வாழ் இனம். அவங்கதான் பிறகு ரீட்டோ என்ற பறவை இனமாக மாறினாங்க என்று 2002 ஆட்டத்தில் வருது. ஆனால் 2017 ஆட்டத்தில் இரண்டு இனமும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. 2023 இல் வந்ததைப் பாருங்க. முந்தின ஆட்டத்தில் நாடு முழுக்க 120 சின்னக் கோயில் இருந்தது. ஒன்றையும் காணோம். எங்கே போச்சு என்று கேட்கிறவனும் இல்லை. நாட்டை முதலில் ஆண்ட அரசன் என்று ரௌரு என்பவரைக் காட்டுறாங்க. பாலைவனத்துக் கானோன்டோர்ஃப் அவர் முன்னால் வஞ்சகமாக மண்டியிடுறான். அவன் இன்னொரு அரசன் முன்னால் மண்டியிட்டதை 1998 லேயே காட்டிட்டாங்களே! எது உண்மை?”

நான் ஒரு கணம் பேசவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஆண்டும் பெயரும் பிசகாமல் பாடபேதம் காட்டுகிறான். இதே கூர்மையை இலக்கிய வகுப்பிலே காட்டும் மாணவரை என் பணிக்காலத்திலே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் வீட்டு முரண்கள்

“தம்பி, கண்ணகி யார் மகள்?” என்று கேட்டேன்.

“மாநாய்கன் மகள். சிலப்பதிகாரம்.” பாடப்புத்தகம் கைகொடுத்தது.

“மட்டக்களப்புப் பக்கம் போய் அப்படிச் சொல்லிப் பார். ‘அவள் மாங்கனியிலே தோன்றியவள் அல்லவா?’ என்பார்கள்.”

கிழக்கிலங்கையின் அம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரையிலே அவள் பிறப்பு இளங்கோவடிகள் சொன்னவாறு இல்லை. அங்கே அவள் மாங்கனியிலே உருவாகிறாள். பேழையில் வைத்துக் கடலிலே விடப்படுகிறாள். அலை கொண்டுசேர்த்த குழந்தையை வணிகன் எடுத்து வளர்க்கிறான். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தைப் பற்றிப் பாடும் பாடல்களிலும் மாங்கனிப் பிறப்பு உண்டு. அவர்கள் அதற்கு முன்னும் பின்னும் வேறு பிறப்புகளையும் கூட்டிச் சொல்வார்கள். இலங்கை வேந்தன் கயவாகுவின் பெயரைச் சிலப்பதிகாரமே குறிப்பதால் இரு மரபுக்கும் இடையே ஒரு பாலமும் இருக்கிறது.

ஈண்டு கவனிக்கத்தக்கது அந்தப் பேழை. தெய்வமாகிவிட்டவள் சாதாரண மானிடப் பிறப்பாக இருத்தல் பொருந்தாது என்று அடியார் நெஞ்சம் சொல்கிறது. அவள் மாநாய்கன் வீட்டு மகள் என்று பழங்கதை சொல்கிறது. இரண்டையும் விடமனமில்லாத புலவன் நடுவிலே ஒரு பேழையைச் செய்து கடலிலே மிதக்க விட்டான். தெய்வப் பிறப்பும் நின்றது. வணிகக் குடும்பமும் நின்றது. யப்பானியர் 2011 இல் கண்டுபிடித்த மூன்றாம் கிளைக்கும் இந்தப் பேழைக்கும் தொழில் ஒன்றே. ஒட்டாத இரு பலகைகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி அது.

கம்பநாடரும் இவ்வாறு ஒன்று செய்தார். வான்மீகத்திலே இராவணன் சீதையைக் கையாலே பற்றித் தூக்குகிறான். கம்பரோ அவன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று மாற்றினார். மூலத்தோடு முரண்பட்டது உண்மையே. ஆயினும் தமிழ் நிலம் அந்த முரணை மனமுவந்து ஏற்றது. ஏனெனில் அது மறதியிலே பிறந்த பிழையன்று. அன்பிலே பிறந்த மாற்றம்.

“அப்படியென்றால் காணாமற்போன 120 கோயிலும் அன்பினாலா தாத்தா?” என்று பையன் மடக்கினான்.

அவன் கேட்டது நியாயந்தான். எல்லா முரணுக்கும் காரணம் கற்பித்துப் பூச்சூட்டிவிடவும் கூடாது. சில முரண்கள் சோம்பலிலே பிறப்பவை. சில, புதிய களம் வேண்டும் என்ற வணிக அவசரத்திலே பிறப்பவை. இரசிகன் அவற்றைக் கண்டு கோபிக்க உரிமை உடையவனே. எனினும் ஹைரூல் என்று ஒரு நாடு இல்லை. அங்கே எவரும் பிறக்கவில்லை, எவரும் சாகவில்லை. கோயில் மறைந்ததனால் நட்டப்பட்டவர் ஒருவரும் இலர். அதனை அவனுக்கு விளக்கும் பொருட்டு முற்றத்திலிருந்து எதிரே கைகாட்டினேன்.

குன்றிலே ஒரு கதை

எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் உத்துவன்கந்தைக் குன்று தெரியும். கண்டி வீதியிலே போகிற பேருந்துப் பயணிகள் தலையைத் திருப்பிப் பார்க்கும் குன்று அதுவே. சரதியேல் என்னும் வழிப்பறிக்காரன் அங்கே ஒளிந்திருந்து, கீழே போகும் வண்டிகளைக் கொள்ளையடித்தான். செல்வரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பது ஊர்க்கதை. ஆங்கிலேயருக்கு ராபின் ஹூட் எப்படியோ, சிங்கள மக்களுக்குச் சரதியேல் அப்படி. அவனுடைய காலத்து வாழ்வை உருவங்களாலே காட்டும் ஒரு கிராமமும் இன்று அங்கே அமைக்கப்பட்டிருக்கிறது.

தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் கடையிலும், மகா ஓயாக் கரையிலும் இக்கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்று சொல்வேன்: இந்தக் கதையிலே முரண் மிகவும் குறைவு. வெள்ளைக்காரன் கொடியவன், பணக்காரன் கருமி, சரதியேல் நல்லவன், அவன் தோழன் மம்மலே மரிக்கார் உயிர்கொடுப்பான். அரிசியிலே கல் பொறுக்கியதுபோலச் சுத்தமான கதை.

ஆனால் வரலாற்றிலே ஒரு தேதி இருக்கிறது. 1864 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள் சரதியேலைப் பிடிக்க மாவனல்லையிலே பொலிசார் முனைந்தபோது, சபான் என்னும் மலாய்ப் பொலிஸ்காரர் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி உயிர்துறந்தார். கடமையிலே உயிரிழந்த இந்நாட்டின் முதற் பொலிஸ்காரராக அவர் கருதப்படுகிறார். இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 21 இலே இறந்த பொலிசாரை நினைவுகூர்கிறார்கள். சரதியேலும் மரிக்காரும் அவ்வாண்டு மே 7 ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர்.

நான் கேட்ட ஊர்க்கதைகளிலே சபான் வருவதில்லை. வந்தாலும் பெயரில்லாமல், ‘ஒரு பொலிஸ்காரன்’ என்று வந்து ஒரு வரியிலே விழுந்துபோவார். ஏனென்றால் அவர் வந்தால் கதை கெட்டுவிடும். ஏழைகளின் காவலனைப் பிடிக்கப்போய் உயிர்விட்டவரும் ஓர் எளிய சம்பளக்காரர். வெள்ளைக்காரரும் அல்லர், செல்வரும் அல்லர். இந்த முரணைத் தாங்கும் வலிமை ஊர்க்கதைக்கு இல்லை. ஆகவே முரணை நீக்கிற்று. முரணோடு மனிதரையும் நீக்கிவிட்டது.

பேரன் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ, முரண் இல்லாத கதைதான் பொய்யா?” என்று கேட்டான்.

“எப்போதும் அல்ல. ஆனால், ஒரு கதை மிகவும் வழுவழுப்பாக இருந்தால், எதை இழைத்து எடுத்துவிட்டார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்” என்றேன். இனி எங்கள் குடும்பக் கதையை அவனுக்குச் சொல்லாமல் இருத்தல் முறையன்று என்று தோன்றிற்று. அவன் தாய்க்கும்கூட அதனை நான் முழுமையாகச் சொன்னதில்லை.

அப்பாயி சொன்ன இரண்டு கதைகள்

என் தந்தையைப் பெற்றவளை நாங்கள் அப்பாயி என்போம். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே பால்வெட்டியவள். இரவிலே இலாந்தர் வெளிச்சத்திலே எங்களைச் சுற்றி உட்கார்த்திக் கதை சொல்வாள். தமிழகத்திலிருந்து வந்த கதையை அவள் இருவிதமாகச் சொல்வாள்.

ஒருநாள் சொல்வாள்: “நாங்க மன்னாரிலே இறங்கி நடந்து வந்தோம். காடு. தண்ணி கிடையாது. விழுந்தவங்களை விட்டுட்டு வந்தோம். தம்புள்ளை தாண்டி மாத்தளை வந்தபோது பாதி ஆள்தான் மிச்சம்.”

மற்றொரு நாள் சொல்வாள்: “நாங்க தனுஷ்கோடியிலே கப்பல் ஏறித் தலைமன்னாருக்கு வந்தோம். அங்கேயிருந்து ரயில். நான் அம்மா இடுப்பிலே இருந்தேனாம்.”

சிறுவனாகிய நான் இதனை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு முன்னரே வேறொருவர் அதனைப் பொருட்படுத்தியிருந்தார்.

சுதந்திரத்தை அடுத்து, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலே தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவினால் பிரசாவுரிமை உண்டு என்றது: மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு. 1951 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுமார் எட்டு இலட்சம் பேரைக் குறித்து விண்ணப்பங்கள் சென்றன. பல்லாண்டு விசாரணையின் பின் பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

என் தாத்தாவும் விண்ணப்பித்தார். விசாரணைக்கு அழைப்பு வந்தது. கடன்வாங்கிய கோட்டை அணிந்து, அப்பாயியையும் அழைத்துக்கொண்டு போனார். ‘உன் மனைவியின் குடும்பம் எவ்வாறு வந்தது?’ என்று அதிகாரி கேட்டபோது, ‘கப்பலிலும் ரயிலிலும்’ என்றார் தாத்தா. தனியே அழைத்துக் கேட்டபோது அப்பாயி, ‘நாங்க நடந்து வந்தோம்’ என்றாள். அதிகாரி தாளிலே ஏதோ எழுதினார். சில மாதங்கழித்து வந்த கடிதத்தைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசித்துத் தமிழிலே விளக்கினாராம். முன்னுக்குப் பின் முரணான வாக்குமூலமும் காரணங்களுள் ஒன்று. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

தாத்தா அதன்பின் நெடுங்காலம் அப்பாயியோடு சரியாகப் பேசவில்லை என்று என் தந்தை சொல்வார். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் இந்தியா சென்றது. நாங்கள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் தோட்டத்திலேயே தங்கினோம். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான் எனக்குப் பிரசாவுரிமை கிட்டியது. அதன் பின்னரே ஆசிரியத் தொழிலும் கிடைத்தது. தாத்தாவும் அப்பாயியும் அதனைக் காண இருக்கவில்லை.

அப்பாயி நோயுற்றுக் கிடந்த காலத்திலே ஒருநாள் நான் துணிந்து கேட்டேன்: “அப்பாயி, நீ நடந்தா வந்தாய், கப்பலிலா வந்தாய்?”

அவள் என்னை ஏதும் அறியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “நான் எங்கேடா நடந்தேன்? என் தாத்தன் நடந்தான், கோப்பிக் காலத்திலே. கோப்பி அழிஞ்சதும் ஊருக்குத் திரும்பிட்டான். எங்கப்பன் என்னைத் தூக்கிக்கிட்டுக் கப்பலிலே வந்தான். இரண்டும் நாங்கதானே?”

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. கோப்பித் தோட்டக் காலத்து மக்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது வரலாறு. வழியிலே பலர் மாண்டதும் வரலாறு. 1914 ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் வரலாறு. அப்பாயியின் ‘நாங்கள்’ என்ற சொல்லிலே இறந்துபோன பாட்டனும் அடங்கியிருந்தான். எங்கள் தமிழிலக்கணம் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் வேறுபாடு சொல்லும். முன்னிருப்பவரை உளப்படுத்துவது ஒன்று, விலக்குவது ஒன்று. ஆனால் செத்தவரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை ஒன்றுண்டு என்பதை நான் எந்த நன்னூலிலும் படிக்கவில்லை. அந்த அதிகாரியும் படிக்கவில்லை. அவர் ‘ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறாய், அம்மா?’ என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால், அப்பாயி எனக்குச் சொன்னதை அவருக்கே சொல்லியிருப்பாள்.

கேட்க வேண்டிய கேள்வி

இருட்டி வெகுநேரமாகியிருந்தது. பையன் கருவியை அணைத்துவிட்டு என் பக்கத்திலே வந்து உட்கார்ந்தான்.

அவனுக்கு நான் சொன்னதன் சாரம் இதுதான். முரணைக் கண்டுபிடிப்பது அறிவின் முதற்படி. அங்கேயே நின்றுவிட்டால் அந்த விசாரணை அதிகாரியாகத்தான் ஆவோம். முரணைக் கண்டதும் அதனை இழைத்து மறைத்தாலோ சபானை இழப்போம். முரண் எதனால் வந்தது, அது யாரைக் காக்கிறது, யாரை மறைக்கிறது என்று கேட்பவனே கதையைப் படித்தவன். புனைகதையிலே அந்தக் கேள்வி ஒரு விளையாட்டு. ஆகவே அதனை அங்கே பழகிக்கொள்வது நல்லது. உயிரோடு இருந்த மனிதரின் கதையிலே அது ஒரு கடன்.

“தாத்தா, அந்தச் சோராவும் ரீட்டோவும்...” என்று தொடங்கினான் பேரன். பிறகு சிறிது யோசித்து, “ஒரு கூட்டம் பறவையாக மாறியிருக்கலாம். இன்னொரு கூட்டம் மாறாமல் தண்ணியிலேயே இருந்திருக்கலாம். அப்பாயியின் தாத்தன் திரும்பிப் போனார், அப்பன் வந்தார் மாதிரி” என்றான்.

அவன் தனக்கென ஒரு பேழை செய்துகொண்டான். நான் மறுக்கவில்லை.

மறுநாட் காலையிலே எழுந்ததும் அவன் கேட்ட கேள்வி வேறு. “சபானுக்குப் பிள்ளைகள் இருந்தாங்களா, தாத்தா? அவங்க வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பாங்க?”

எதிரே குன்றின் தலையைப் பனி மூடியிருந்தது. என்னிடம் விடை இல்லை என்று சொன்னேன். அவன் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, விளையாட்டின் காலக் கிளைகளை வரைந்திருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலே அந்தக் கேள்வியை எழுதி, அதன்கீழே அப்பாயியின் இரு பயணங்களையும் ஆண்டுக் குறிப்போடு எழுதிவைத்துக்கொண்டான். ஒன்றையும் அடித்துவிடவில்லை.